பெயர் தெரியாத எலும்புகளை டிஎன்ஏ மூலம் அடையாளம் காண்பது: கேள்வி பதில்

கேள்வி: முழு எலும்புக்கூடு கிடைத்திருக்கிறது. எதை ஆய்வகத்துக்கு அனுப்புவது?

பதில்: தொடை எலும்பின் நடுத்தண்டில் 4, 5 செ.மீ. துண்டு, கூடவே சொத்தை இல்லாத, அடைக்கப்படாத இரண்டு கடைவாய்ப்பற்கள். மண்டையோடு இருந்தால் உள்காதைச் சூழ்ந்த கெட்டி எலும்பும் மிக நல்ல மாதிரி. வெட்ட எளிது என்று விலா எலும்பை அனுப்பாதீர்கள். பழைய உடலில் அதன் மெல்லிய சுவரில் டிஎன்ஏ அதிகம் தங்காது. தொடை எலும்பின் மூட்டு முனைகளில் கை வைக்கக் கூடாது. வயதையும் உயரத்தையும் கணிக்க அவை வேண்டும். ஈர எலும்பைப் பிளாஸ்டிக் பையில் கட்டினால் பூஞ்சை பிடிக்கும். நிழலில் உலர்த்தித் தாள் உறையில் போடுங்கள். ஃபார்மலின் வேண்டவே வேண்டாம். அது டிஎன்ஏயைப் புரதத்தோடு பிணைத்துத் துண்டாக்கிவிடும்.

கேள்வி: ஆய்வகத்தில் ஏன் இவ்வளவு நாளாகிறது?

பதில்: மேற்பரப்பைச் சுரண்டிக் கழுவி, திரவ நைட்ரஜனில் உறையவைத்து அரைக்கிறார்கள், சூடேறினால் டிஎன்ஏ கெடும். அரை முதல் ஒரு கிராம் தூளை, எலும்பின் சுண்ணாம்பைக் கரைக்கும் ஈடிடிஏ, புரதத்தைச் சிதைக்கும் புரோட்டினேஸ் கே இரண்டும் சேர்ந்த கலவையில் 56 டிகிரி செல்சியஸில் இரவு முழுக்க ஊறவைப்பார்கள். மண்ணிலிருந்து ஒட்டிவரும் ஹியூமிக் அமிலம் (மக்கிய பொருள்களில் உண்டாவது) டிஎன்ஏயைப் பெருக்கும் பிசிஆர் வினையை முடக்கினால் மறுபடி சுத்திகரிக்க வேண்டும். எலும்பே சேர்க்காத வெற்று மாதிரியில் டிஎன்ஏ தென்பட்டால் வெளி டிஎன்ஏ கலந்துவிட்டது என்று பொருள், அந்தத் தொகுதியையே ஒதுக்கிவிட வேண்டும்.

கேள்வி: பாதி எஸ்டிஆர் குறியிடங்களில்தான் (சிறு டிஎன்ஏ வரிசை திரும்பத் திரும்ப வரும், அந்த எண்ணிக்கை ஆளுக்கு ஆள் மாறும் இடங்கள்) விடை வந்தது. இனி?

பதில்: சிதைந்த டிஎன்ஏயில் நீளமான துண்டுகள்தாம் முதலில் அழியும். குட்டித் துண்டுகளைப் பெருக்கும் மினி எஸ்டிஆர் முறையில் திரும்பச் செய்யுங்கள். ஒரு குறியிடத்தில் தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இரண்டு வடிவங்கள் இருக்கும். அவற்றில் ஒன்று காணாமல் போனால், இரண்டும் ஒன்றே என்று தோன்றி, சொந்த மகனையே மகன் அல்ல என்று தள்ளிவிட நேரும். அதனால் ஒரே முறை செய்த சோதனையை நம்பாதீர்கள். செல்லுக்கு ஆற்றல் தரும் உறுப்பில் உள்ள, தாயிடமிருந்து மட்டும் வரும் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ செல்லுக்கு நூற்றுக்கணக்கில் இருப்பதால் பிழைத்திருக்கும். ஆனால் தாய்வழியில் எல்லோருக்கும் அது பொது. ஆளை விலக்க உதவும், தனியாக உறுதிசெய்யாது.

கேள்வி: காணாமல் போனது என் தம்பி. பெற்றோர் இல்லை. நான் மட்டும் மாதிரி கொடுத்தால் போதுமா ஐயா?

பதில்: பெரும்பாலும் போதாது. உடன்பிறந்தவர்கள் சராசரியாகப் பாதி டிஎன்ஏயைத்தான் பகிர்வார்கள். ஒரு குறியிடத்தில் ஒன்றுமே பகிராமல் இருக்க நாலில் ஒரு வாய்ப்பு உண்டு. தம்பிக்குப் பிள்ளைகள் இருந்தால் அவர்களும் அவர்களின் தாயும் கொடுப்பதே வலுவானது. இல்லையெனில் மற்ற அண்ணன், அக்கா, தங்கை எல்லோரும் கொடுங்கள். அவர் தேய்த்த பல் துலக்கியைக் கழுவாமல் கொண்டுவாருங்கள், ஆனால் வேறு யாரும் அதைத் தொட்டிருக்கக் கூடாது. தத்து, மாற்றாந்தாய் உறவுகளைப் படிவத்தில் மறைக்காதீர்கள். மறைத்தால் சரியான உடலையே நிராகரிக்க நேரும், அந்தக் குடும்பம் இன்னும் பல வருடம் காத்திருக்கும்.

கேள்வி: ஒருவரை ஒருமுறை அடையாளம் கண்டால் வேலை முடிந்ததா?

பதில்: எல்லா நேரமும் அப்படி இல்லை. 1995இல் போஸ்னியப் போரின்போது ஸ்ரெப்ரெனிட்சா நகரில் கொல்லப்பட்டவர்களின் புதைகுழிகளை இயந்திரங்களால் தோண்டி வேறிடங்களுக்கு மாற்றினார்கள். ஒரே மனிதரின் எலும்புகள் பல குழிகளில் கிடைத்தன. ஒவ்வொன்றையும் சோதித்தே சேர்க்க வேண்டியிருந்தது. பிள்ளை இல்லாத இரு சகோதரர்கள் சேர்ந்து காணாமல் போயிருந்து, பெற்றோர் மாதிரி மட்டும் இருந்தால், இந்த உடல் எந்த மகன் என்று டிஎன்ஏ சொல்லாது. அப்போது பல் மருத்துவப் பதிவு, வயது, பழைய எலும்பு முறிவு ஆகியவற்றைக் கேட்டு வாங்குங்கள்.