சிகரெட்டை விட்டு வேப்புக்கு மாற நினைக்கிறேன். முதல் கருவியாக எதை எடுக்கலாம், எப்படிப் பயன்படுத்துவது?

பதினான்கு வருடம் சிகரெட் பிடித்தவன் நான். கடந்த நாலு வருடமாக ஒன்றுகூடத் தொடவில்லை. இடையில் வேப் இருந்தது, அதாவது நிக்கோட்டின் கலந்த திரவத்தை (லிக்விட்) பேட்டரியால் சூடாக்கி ஆவியாக இழுக்கும் கருவி. அதிலும் முதல் முறை சறுக்கி விழுந்து, இரண்டாம் முறைதான் தேறினேன். அந்தச் சறுக்கலில் கற்றதைச் சொல்கிறேன்.

நீங்கள் ஏற்கெனவே தம் அடிப்பவர் என்பதால்தான் எழுதுகிறேன். சிகரெட்டே தொடாத ஒருவர் இதைப் படித்துக்கொண்டிருந்தால், தயவுசெய்து இந்தப் பக்கமே வராதீர்கள். நிக்கோட்டின் எந்த வழியாக உள்ளே போனாலும் பிடித்துக்கொள்ளும். அப்புறம், உங்கள் நாட்டுச் சட்டத்தைப் பாருங்கள். இந்தியாவில் 2019 முதல் இதன் விற்பனைக்கே தடை. சிங்கப்பூரில் கையில் வைத்திருந்தாலே குற்றம். அப்படிப்பட்ட இடத்தில் இருந்தால் மருத்துவரைக் கேட்டு தோலில் ஒட்டும் நிக்கோட்டின் பட்டை, சூயிங்கம் என்று போவதுதான் சரி.

நான் முதலில் எடுத்தது செங்கல் மாதிரி ஒரு பாக்ஸ் மாட், அதாவது பெரிய பெட்டி வடிவ வேப். உள்ளே இரண்டு 18650 பேட்டரி (கழற்றி மாற்றும் உருளை வகை), முகப்பில் வண்ணத் திரை, லிக்விடைச் சூடாக்கும் கம்பிச்சுருளான காயில் 0.2 ஓம், 80 வாட் வரை ஏற்றலாம். லிக்விடில் நிக்கோட்டின் மில்லிலிட்டருக்கு 3 மில்லிகிராம். விற்றவர் ஒரு இழுப்பு இழுத்துக் காட்டினார், எதிரில் இருந்த அவர் முகமே மறைந்துபோனது. அந்தப் புகையில் மயங்கித்தான் வாங்கினேன். ராத்திரி சாப்பிட்டு எழுந்ததும் கை தானாகச் சட்டைப்பையைத் துழாவியது. செங்கலை எடுத்து நாலு இழுப்பு இழுத்தேன். இருமல் வந்தது, சிகரெட் ஆசை போகவில்லை. பத்தாம் நாள் பழையபடி சிகரெட்.

எங்கே தப்பு என்று ரொம்ப நாள் கழித்துத்தான் புரிந்தது. சிகரெட் பிடிக்கும்போது நாம் புகையை முதலில் வாயில் வாங்குகிறோம், அப்புறம்தான் நெஞ்சுக்குள் இறக்குகிறோம். அந்தச் செங்கல் மாதிரிக் கருவிகள் மூச்சு இழுப்பதுபோல நேராக நெஞ்சுக்கே இழுப்பதற்குச் செய்தவை. புகை மலைபோல வரும், ஆனால் உடம்பு இத்தனை வருடம் பழகிய இழுப்பு அது இல்லை. நிக்கோட்டினும் அதில் பெயருக்குத்தான். கருவி நன்றாகத்தான் இருந்தது, ஆள்தான் பொருத்தமில்லை.

ஆகவே என் சிபாரிசு: கைக்குள் அடங்குகிற, லிக்விடை நாமே ஊற்றிக்கொள்கிற சின்ன பாட் வகை (பாட் என்பது லிக்விட் நிற்கும், கழற்றி மாட்டும் குப்பி). காற்று வரும் துளை இறுக்கமாக இருக்க வேண்டும், இழுத்தால் சிகரெட் பஞ்சு வழியாக இழுப்பதுபோல ஒரு தடை தெரிய வேண்டும். காயில் 0.8 முதல் 1.2 ஓம் வரை. அதற்கு 10 முதல் 15 வாட் போதும். எத்தனை வாட் தாங்கும் என்று பெரும்பாலும் காயிலிலேயே அச்சடித்திருக்கும், அதைத் தாண்டாதீர்கள். திரை, விளக்கு, கேம் எல்லாம் வைத்து வருகிறவற்றை ஒதுக்கிவிடுங்கள். தூக்கியெறியும் வகையும் வேண்டாம். அதில் நிக்கோட்டின் அளவைப் படிப்படியாகக் குறைக்க வழியில்லை, தீர்ந்ததும் நல்ல பேட்டரி ஒன்று குப்பைக்குப் போகிறது.

கருவியைவிட லிக்விடில்தான் ஆட்டம் இருக்கிறது. இதில் நாலு சரக்குதான்: புரொப்பிலீன் கிளைக்கால், காய்கறி கிளிசரின், நிக்கோட்டின், மணம். கிளைக்கால் தண்ணீர்போல ஓடும், தொண்டையில் கமறலைக் கொடுக்கும். கிளிசரின் பாகுபோல இருக்கும், புகையைக் கொடுக்கும். சின்ன பாட்டுக்கு இரண்டும் பாதிக்குப் பாதி இருப்பதே சரி. 70 சதவீதம் கிளிசரின் உள்ளதை ஊற்றினால் காயிலின் சின்னத் துளை வழியாக அது இறங்காது, பஞ்சு காய்ந்து கருகும்.

நிக்கோட்டின் எவ்வளவு? இங்கேதான் எல்லாரும் என்னைப் போலவே பயந்துகொண்டு குறைவாக எடுத்துத் தோற்கிறார்கள். ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட் காலி செய்கிறவருக்கு 3 மில்லிகிராம் எந்த மூலைக்கு? 18 அல்லது 20-இல் தொடங்கலாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராம்தான் உச்சவரம்பு. ஐந்தாறு சிகரெட் ஆள் என்றால் 10, 12 போதும். நிக்கோட்டின் சால்ட் என்று போட்டிருந்தால் அதே அளவு தொண்டையில் உறுத்தாமல் இறங்கும், அதனால் அதிகம் இழுத்துவிடவும் வாய்ப்புண்டு. தலை சுற்றல், குமட்டல் வந்தால் அளவு மீறிவிட்டது என்று அர்த்தம், நிறுத்திவிட்டுக் காற்றாட உட்காருங்கள். இந்த 20-ஐ எடுத்து அந்தச் செங்கலில் மட்டும் ஊற்றிவிடாதீர்கள், ஒரே இழுப்பில் ஆளைச் சாய்த்துவிடும்.

நான் சொல்வது வெறும் சொந்த அனுபவம் இல்லை. 2019-இல் வெளியான ஓர் இங்கிலாந்து ஆய்வில் சிகரெட்டை விட நினைத்த 886 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு ஊற்றிக்கொள்கிற வகைக் கருவியும் 18 மில்லிகிராம் லிக்விடும், மறு பாதிக்கு அவரவர் விரும்பிய நிக்கோட்டின் பட்டை, கம் போன்றவை. ஒரு வருடம் கழித்து வேப் பக்கம் 18 சதவீதம் பேர் சிகரெட் இல்லாமல் இருந்தார்கள், மறு பக்கம் 9.9. ஆனால் வேப் பக்கம் வென்றவர்களில் 80 சதவீதம் பேர் அந்த ஒரு வருட முடிவிலும் வேப்பை விடவில்லை. இந்த இரண்டாவது எண்ணை விற்கிறவர் யாரும் சொல்ல மாட்டார்.

சரி, கையில் பாட் வந்துவிட்டது. இப்போது என் இரண்டாவது அசட்டுத்தனம். புதுக் காயிலைப் போட்டேன், லிக்விடை ஊற்றினேன், ஊற்றிய கையோடு இழுத்தேன். தலைமுடி பொசுங்கினால் ஒரு நாற்றம் வருமே, அது தொண்டைக்குள்ளேயே வந்தால் எப்படி இருக்கும்? கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கழற்றிப் பார்த்தால் காயிலின் ஓட்டை வழியாகத் தெரிந்த வெள்ளைப் பஞ்சின் நடுவில் காப்பிக் கறைபோல ஒரு வட்டம். அவ்வளவுதான், அந்தக் காயில் செத்துவிட்டது. கருகிய பஞ்சு எத்தனை முறை ஊற்றினாலும் திரும்பாது. அந்தக் கருகலை மல்லுக்கட்டிக்கொண்டு இழுப்பதும் தப்பு, ஃபார்மால்டிஹைடு மாதிரியான வேண்டாதவை அப்படிச் சூடேறும்போதுதான் அதிகம் கிளம்பும்.

விளக்குத் திரியை நினைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் ஊறாத திரியைப் பற்றவைத்தால் திரியேதான் எரியும். காயிலைச் சுற்றியுள்ள பஞ்சும் அப்படித்தான். மாற்றக்கூடிய காயில் என்றால் பஞ்சு தெரியும் துளையில் மூன்று நாலு சொட்டு விட்டு, அப்புறம் பாட்டை நிரப்பி, பத்து நிமிடம் அப்படியே நிமிர்த்தி வையுங்கள். முதல் ஐந்தாறு இழுப்பு குறைந்த வாட்டில். லிக்விட் கால்வாசிக்குக் கீழே இறங்குவதற்குள் ஊற்றிவிடுங்கள்.

இழுக்கிற விதத்தையும் மாற்றிக்கொள்ள வேண்டும், இதைச் சொல்லித்தருகிறவர் குறைவு. சிகரெட்டை வெடுக்கென்று இழுத்துப் பழகிய வாய் நம்முடையது. இதில் அப்படி இழுத்தால் லிக்விட் சூடேறுமுன் காயிலுக்குள் வெள்ளமாகப் புகுந்துவிடும். களக் களக் என்று சத்தம் வரும், நாக்கில் சூடாக ஒரு சொட்டு தெறிக்கும். மூன்று நாலு நொடி, மெதுவாக, இளநீரில் கடைசி வாய் உறிஞ்சும் அவசரம் இல்லாமல் இழுங்கள். இரண்டு இழுப்புக்கு நடுவே அரை நிமிடம் விடுங்கள், பஞ்சு மறுபடி ஊறட்டும். களக் சத்தம் வந்துவிட்டால் பாட்டைக் கழற்றி, வாய்ப்பகுதியில் டிஷ்யூவைப் பிடித்து நாலு உதறு உதறினால் பெரும்பாலும் சரியாகிவிடும். பாட்டின் அடியில் சேரும் ஈரத்தை அவ்வப்போது துடையுங்கள். அது எல்லாமே ஒழுகல் இல்லை, ஆவி குளிர்ந்து படிவதும் உண்டு.

காயில் சாதாரணமாக ஒன்று அல்லது இரண்டு வாரம் வரும். தித்திப்பான லிக்விட் என்றால் அதற்குள்ளேயே கரி படிந்துவிடும். புதினா, புகையிலை மணங்களில் எனக்கு நீண்ட நாள் வந்தது. வாய் உலர்வது எல்லாருக்கும் உண்டு, தண்ணீர் குடியுங்கள்.

பேட்டரி விஷயத்தில் மட்டும் சோம்பல் கூடாது. முதல் கருவி உள்ளேயே பேட்டரி வைத்ததாக இருக்கட்டும். கூடவே வந்த கேபிளில், கண்பார்வையில் சார்ஜ் போடுங்கள், தலையணைப் பக்கத்தில் வேண்டாம். பிற்பாடு தனி 18650 வைத்த கருவிக்குப் போனால், மேலுறை கிழிந்த பேட்டரியைப் போடாதீர்கள். சாவி, சில்லறையோடு பையில் போட்டால் ஷார்ட் ஆகித் தொடையைச் சுட்டுவிடும், அதற்கென்று பிளாஸ்டிக் டப்பா இருக்கிறது. விமானத்தில் கருவியைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும், சரக்கில் போடும் பெட்டியில் கூடாது என்பது 2015 முதல் சர்வதேச விதி. ஏறுமுன் பாட்டைக் காலி செய்துவிடுங்கள், மேலே காற்றழுத்தம் குறையும்போது ஒழுகும்.

லிக்விடை நம்பகமான இடத்தில் மட்டும் வாங்குங்கள். நறுமண எண்ணெய் எதையும் நீங்களாகக் கலக்காதீர்கள், எண்ணெய் நுரையீரலுக்குப் பகை. அமெரிக்காவில் 2019-இல் வேப் இழுத்தவர்களில் ஆயிரக்கணக்கானோர் நுரையீரல் பாதிப்போடு மருத்துவமனைக்குப் போனார்கள், 2020 பிப்ரவரிக்குள் 68 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் கள்ளச்சந்தைக் கஞ்சாக் குப்பிகளில் கலந்திருந்த வைட்டமின் இ அசிட்டேட் என்ற எண்ணெய்தான் முக்கியக் காரணம் என்று கண்டார்கள். நிக்கோட்டின் பாட்டிலைக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். கையில் கொட்டினால் உடனே கழுவுங்கள், தோல் வழியாகவும் அது உள்ளே போகும்.

சிகரெட்டும் வேப்பும் சேர்த்து ஓட்டுவது முதல் வாரத்தில் எல்லாருக்கும் நடப்பதுதான். அதையே மாதக்கணக்கில் இழுத்தால் லாபம் இல்லை, ஒரு தேதி வையுங்கள். நான் மூன்றாம் வாரத்தில் சிகரெட்டை முழுதாக விட்டேன். 20-இல் இருந்து 10, 6, 3 என்று இறங்கி வேப்பையும் கீழே வைக்க ஒன்றரை வருடம் ஆனது. 6-இல் இருந்து 3-க்கு வந்த மாதம்தான் பொல்லாத மாதம், வீட்டில் யாரும் என்னோடு பேசவில்லை.

மாடல் பெயர் சொல்லுங்கள் என்று பின்னூட்டத்தில் கேட்பீர்கள், தெரியும். ஆறு மாதத்துக்கு ஒன்று புதிதாக வருகிறது, நான் சொன்னது அப்போது கிடைக்காது. வாங்குமுன் அந்தக் கருவிக்கான காயிலும் பாட்டும் தனியாகக் கிடைக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். கிடைத்தால் அன்றைக்கே இரண்டு கூடுதலாக வாங்கி வையுங்கள், முதல் காயிலை நீங்களும் கருக்கத்தான் போகிறீர்கள்.