மேசைக் காலை அறுத்த பெண்ணுக்கு என்ன படிப்பு?

போன சனிக்கிழமை, தஞ்சாவூருக்குப் பக்கத்திலிருந்து ஒரு தாயும் பிளஸ் டூ படிக்கும் மகளும் மேற்படிப்புக்கு ஆலோசனை கேட்டு என்னைப் பார்க்க வந்திருந்தார்கள். அம்மாவின் கைப்பையில் ஒரு பொறியியல் கல்லூரியின் கட்டண விவரத் தாள் நான்காக மடித்து வைக்கப்பட்டிருந்தது. கம்ப்யூட்டர் சயின்ஸ், நிர்வாக ஒதுக்கீடு, நான்கு ஆண்டுக்கும் விடுதியோடு சேர்த்து 17 லட்சம் ரூபாய். இப்போதே முன்பணம் கட்டினால் அடுத்த ஆண்டு இடம் உறுதியாம். அதற்காக ஊரில் இருக்கும் 9 சென்ட் மனைக்கு விலை பேசி, வாங்குபவரிடம் அட்வான்ஸும் வாங்கியாகிவிட்டது. யோசனை கொடுத்தவர் அமெரிக்காவில் வேலை பார்க்கும் பெரியப்பா. அவர் பேச்சை அந்த வீட்டில் யாரும் தட்டுவதில்லை.

மகள் படிப்பில் கவனமில்லாமல் இருக்கிறாள் என்பதற்குச் சான்றாக அம்மா ஒரு சம்பவத்தைச் சொன்னார். சென்ற ஆண்டு பள்ளிக் கண்காட்சியின் இரண்டாம் நாள் காலையில், தாத்தா காலத்து மேசையின் நான்கு கால்களையும் ரம்பத்தால் அறுத்துவிட்டாளாம். "தேக்கு மேசை சார், மனசே ஆறவில்லை" என்றார்.

ஏன் அறுத்தாய் என்று கேட்டேன். முதல் நாள் வந்த சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு மேசை மார்பளவு உயரம் இருந்ததாம். எட்டிப் பார்த்துவிட்டுத் தொடாமலே போய்விட்டார்களாம். "அவர்கள் தொட வேண்டும் என்றுதானே வைத்தேன்" என்றாள். சன்னமான குரல்தான், ஆனால் தடுமாற்றமில்லை.

மேசைமேல் அவள் வைத்திருந்தது ஒரு வீணைப் பலகை. அதைத் துணிப்பையில் கொண்டுவந்திருந்தாள். மூன்றடி ஒட்டுப்பலகை, அதன்மேல் ஒற்றைக் கம்பி. மெழுகுவர்த்தியை உருக்கி அடுப்புக்கரித் தூள் கலந்து இரண்டு வரப்புகள் வார்த்து, சைக்கிள் சக்கரக் கம்பியைத் துண்டு துண்டாக வெட்டி 12 மெட்டுகளாக (விரலால் கம்பியை அழுத்தும்போது அது படுகிற உலோகத் துண்டுகள்) அதில் பதித்திருந்தாள். கம்பியை அழுத்தினால் அது மெட்டில் படும். மின்சுற்று முடிந்து அந்தச் சுரத்துக்குரிய சிறு விளக்கு எரியும். ஆறு ஆண்டுகளாக வீணை கற்கிற பெண். மெட்டுகளை எங்கே பதிப்பது என்று முதலில் கணக்குப் போட்டுப் பார்த்து, பிறகு காதால் திருத்தியிருக்கிறாள்.

நான் ஒரு கேள்வி கேட்டேன்: "கம்பியை மெட்டின்மேல் வைத்துப் பக்கவாட்டில் இழுத்தால் எந்த விளக்கு எரியும்?"

"அதே விளக்குதான் சார். ஆனால் சுரம் மாறிவிடுகிறது. அதை எப்படிக் காட்டுவதென்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை."

அம்மா, உங்களை ஆறுதலாகப் பேசி அனுப்பிவைக்க எனக்கு மனம் வரவில்லை. அன்று நேரில் பாதி சொன்னேன். மீதியை எழுதுகிறேன். இதே நிலையில் இருக்கும் வேறு பெற்றோரும் படிக்கட்டும்.

கம்ப்யூட்டர் சயின்ஸ் நல்ல படிப்பு, அதை நாடும் பிள்ளைக்கு. உங்கள் மகள் அதை நாடவில்லை என்று இரண்டு முறை என் எதிரிலேயே சொன்னாள். இரண்டு முறையும் நீங்கள் பேச்சை மாற்றினீர்கள். மதிப்பெண்ணால் கலந்தாய்வில் கிடைக்கும் இடத்துக்கும் மனையை விற்று வாங்கும் இடத்துக்கும் வகுப்பறையில் வித்தியாசம் கிடையாது. பட்டமும் ஒன்றுதான். கூடுதலாகக் கொடுக்கும் பணம் உறவினர் முன்னால் தலைநிமிர்ந்து நிற்பதற்கான விலை. அந்த விலைக்கு 9 சென்ட் நிலம் கொடுக்கக் கூடாது. இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

பல ஆண்டுகளுக்கு முன் இதே போல் ஒரு பையனின் அப்பாவிடம், "எதற்கும் ஒரு பொறியியல் பட்டம் இருக்கட்டும், ஆசையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்லி அனுப்பினேன். அவன் மூன்றாம் செமஸ்டரில் விடுதியிலிருந்து பெட்டியோடு வீடு திரும்பினான். அந்தக் குடும்பத்துக்குக் கடன் இன்னும் முழுதாகத் தீரவில்லை. அன்றிலிருந்து "எதற்கும் இருக்கட்டும்" என்ற சொல்லை என் ஆலோசனையிலிருந்து எடுத்துவிட்டேன்.

உங்கள் மகள் தன்னை அறியாமலே செய்திருப்பதற்குக் கண்காட்சி வடிவமைப்பு என்று பெயர். அருங்காட்சியகங்கள், அறிவியல் மையங்கள், நினைவகங்கள் இவற்றில் மக்கள் எந்த வழியாக நுழைவது, எதைத் தொடுவது, எதைக் கேட்பது என்று திட்டமிட்டுக் கட்டும் தொழில் இது. இசைக் கருவிக்கென்றே இப்படிப்பட்ட இடங்கள் உலகில் உண்டு. பிரஸ்ஸல்ஸிலும் அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரிலும் பெரிய இசைக்கருவி அருங்காட்சியகங்கள் இருக்கின்றன. அவ்வளவு தூரம் போக வேண்டாம், பெங்களூரு ஜே.பி. நகரில் 2019இல் திறக்கப்பட்ட இந்திய இசை அனுபவ அருங்காட்சியகம் இருக்கிறது. அதன் வெளிப்புறத்தில் கல்லையும் உலோகத்தையும் தட்டி ஒலி எழுப்பும் ஒரு தோட்டம் உண்டு. அந்தக் கருவிகளை ஆரோவில்லில் இருக்கும் ஸ்வரம் என்ற பட்டறை செய்து கொடுத்தது. ஒரு நாள் ரயிலில் அழைத்துப் போய்விட்டு வாருங்கள். அவள் எதைப் பார்க்கிறாள் என்பதை நீங்கள் பாருங்கள்.

"மியூசியத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் பொருளை வைப்பதற்குப் படிப்பா?" என்று கேட்டீர்கள். ஒரு வீணைக்கு மட்டும் ஓர் அறை அமைப்பதாக வைத்துக்கொள்வோம். அதில் என்னென்ன வேலை இருக்கிறது என்று சொல்கிறேன்.

தஞ்சாவூர் வீணைக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. அது பலா மரத்தில் செய்யப்படுவது. குடம், தண்டி, யாளி முகம், சுரைக்காய், குதிரை, பிரடை என்று ஒவ்வொன்றையும் பெயரெழுதி ஒட்டிவிட்டால் பார்வையாளர் இரண்டு நிமிடத்தில் கடந்து போய்விடுவார். அதற்குப் பதில் ஒரே குடத்தின் நான்கு நிலைகளை வரிசையாக வைத்து, வெட்டிய கட்டை, பாதி குடைந்தது, முழுதும் குடைந்தது, இழைத்தது என நான்கையும் தட்டிப் பார்க்கச் சொன்னால்? மரம் மெலிய மெலிய ஒலி மாறுவதைக் காது தானே கண்டுபிடித்துக்கொள்ளும். அங்கே ஒரு வரி விளக்கம் போதும். அந்த ஒரு வரியை எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் எண்பது வயதுப் பாட்டிக்கும் புரியும்படி தமிழில் எழுதுவது தனி வேலை.

அடுத்தது மேளம் கட்டுதல், அதாவது மெட்டுகளைச் சுருதி பார்த்து மெழுகில் பதிப்பது. வீணையின் 24 மெட்டுகளும் தேன்மெழுகில் கரி கலந்த வரப்புகளின்மேல் உட்கார்ந்திருக்கின்றன. ஒரு ஸ்தாயிக்கு, அதாவது ‘ச’விலிருந்து மேல் ‘ச’ வரைக்கும், 12 வீதம் இரண்டு ஸ்தாயி. கணக்குப்படி மேல் ஷட்ஜம் (அந்த மேல் ‘ச’) கம்பியின் சரிபாதியில் விழ வேண்டும். ஆனால் விரல் அழுத்தும்போது கம்பியின் இழுவிசை கூடிச் சுரம் சற்றே ஏறும். அதனால் மெட்டைக் கொஞ்சம் நகர்த்த வேண்டும். எவ்வளவு என்பதை, மேளம் கட்டுபவரின் காதுதான் முடிவு செய்கிறது. பார்வையாளரே ஒரு மெட்டை நகர்த்தி, சுருதி சேரும் இடத்தைத் தேடும்படி ஒரு மேசை அமைத்தால், கைவினைஞரின் உழைப்பு ஐந்து நிமிடத்தில் பார்வையாளரின் விரலுக்குத் தெரிந்துவிடும்.

இங்கேதான் சிக்கல்கள் தொடங்குகின்றன. அழகாகத் தெரியட்டும் என்று மேலே சூடான விளக்கைப் பொருத்தினால் மெழுகு இளகும், மெட்டு சாயும். நாள் முழுதும் நூறு கைகள் இழுத்தால் உண்மையான வீணை ஒரு வாரம்கூடத் தாங்காது. ஆகவே கம்பியும் மெட்டும் கழற்றி மாற்றக்கூடியவையாக இருக்க வேண்டும். பக்கத்துக் காட்சியின் ஒலி இங்கே கேட்டால் சுருதி சேர்க்க முடியாது. அதற்காகத் தடுப்புச் சுவரா, ஒரே திசையில் ஒலி அனுப்பும் ஸ்பீக்கரா, காதில் வைத்துக்கொள்ளும் கருவியா என்று முடிவெடுக்க வேண்டும். காது கேளாதவர் வந்தால்? ஒரு மரப் பெஞ்சின் அடியில் அதிர்வுக் கருவியைப் பொருத்திவிட்டால், உட்கார்ந்ததும் மிகத் தாழ்ந்த ஒலி தரும் அனுமந்தரக் கம்பியின் அதிர்வு முதுகெலும்பில் ஏறும். சக்கர நாற்காலியில் வருபவரின் முழங்கால் மேசைக்கு அடியில் போக இடம் வேண்டும். மேசைக் காலை அறுத்த பெண்ணுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அப்புறம், அவளுக்குப் பிடிபடாத அந்தக் கேள்வி. வீணையின் உயிர் கமகத்தில் இருக்கிறது. ஒரே மெட்டில் நின்று கம்பியை இழுத்து, அடுத்தடுத்த சுரங்களைத் தொட்டுவருவது. சுரத்துக்கு ஒரு விளக்கு என்று வைத்தால், வீணையை, சுரத்தை வளைக்க முடியாத ஹார்மோனியமாகக் காட்டிவிட்ட பொய்தான் மிஞ்சும். இழுவிசையை அளக்கும் உணரியைக் கம்பியின் முனையில் வைத்து, விரல் இழுக்க இழுக்கச் சுவரில் ஒரு கோடு வளைந்து ஏறி இறங்கும்படி செய்யலாம். தோடி ராகத்தின் காந்தாரம், அதாவது ‘க’ சுரம், எப்படி அசைகிறது என்பதைச் சங்கீதமே தெரியாதவரும் தன் கையால் வரைந்து பார்ப்பார். அதற்குக் கொஞ்சம் மின்னணுவியல் வேண்டும், கொஞ்சம் நிரல் எழுதத் தெரிய வேண்டும். பெரியப்பாவிடம் சொல்லுங்கள், கம்ப்யூட்டர் இதிலும் இருக்கிறது. இங்கே அதைக் கற்க அவளுக்கு ஒரு காரணமும் இருக்கிறது.

எங்கே படிப்பது? அகமதாபாத்தில் உள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனம் 1961இல் தொடங்கப்பட்டது. அதன் ஆரம்ப காலப் பெரும்பணிகளில் ஒன்றே ஒரு கண்காட்சிதான்: நேரு மறைந்த பிறகு, அமெரிக்க வடிவமைப்பாளர்களான ஈம்ஸ் தம்பதியோடு சேர்ந்து அவர் வாழ்க்கையைப் பற்றி உருவாக்கியது. 1965இல் நியூயார்க்கில் திறக்கப்பட்டது. கண்காட்சி வடிவமைப்பை இளநிலையிலேயே தனித் துறையாகக் கற்பிக்கும் இடம் அது. எந்தப் பிரிவில் பிளஸ் டூ படித்திருந்தாலும் விண்ணப்பிக்கலாம், வயது வரம்பு உண்டு. நுழைவுத் தேர்வு இரண்டு கட்டம். இரண்டாம் கட்டத்தில் பொருள்களைக் கொடுத்துக் கையால் செய்து காட்டச் சொல்வார்கள். ஒட்டுப்பலகையும் சைக்கிள் கம்பியும் கொண்டு யோசிக்கிற பெண் அங்கே பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் போட்டி கடுமையானது, கட்டணமும் ஆண்டுக்குச் சில லட்சம் ஆகும். இடம் கிடைத்தால் உதவித்தொகை, கல்விக் கடன் என்று போங்கள். அப்போதும் மனையைத் தொடாதீர்கள்.

கிடைக்காவிட்டால்? கும்பகோணத்தில் அரசு கவின் கலைக் கல்லூரி இருக்கிறது. உங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் போய்வரலாம். காட்சிவழித் தகவல் வடிவமைப்பில் நான்கு ஆண்டு இளங்கலை. அரசுக் கல்லூரிக் கட்டணம், வீட்டுச் சாப்பாடு. இதை நான் இரண்டாந்தர வழியாகச் சொல்லவில்லை. அங்கே கை பழகும். வீட்டிலிருந்தே போய்வருவதால் தஞ்சாவூரின் வீணைப் பட்டறைகளும் பக்கத்திலேயே இருக்கும். பட்டம் முடித்ததும் பம்பாய் ஐஐடி நடத்தும் சீட் (CEED) என்ற வடிவமைப்பு நுழைவுத் தேர்வை எழுதி முதுநிலை வடிவமைப்புக்குப் போகலாம். அல்லது பரோடா மகாராஜா சயாஜிராவ் பல்கலைக்கழகத்தில் அருங்காட்சியகவியல் படிக்கலாம். ஏதாவது ஒரு தனியார் நிறுவனம் ஓராண்டு டிப்ளோமாவுக்குப் பல லட்சம் கேட்டு விளம்பரம் அனுப்பும். அதைப் பிரிக்காமலே குப்பையில் போடுங்கள்.

கஷ்டத்தையும் மறைக்கமாட்டேன். முதல் சில ஆண்டுகள் சம்பளம் குறைவாகத்தான் இருக்கும், உறவுக்காரப் பையன்களின் சம்பளத்தோடு ஒப்பிட்டால் வருத்தமாக இருக்கும். நிறுவனங்கள் பெரும்பாலும் பெங்களூரு, டெல்லி, மும்பை, அகமதாபாத்தில் இருக்கின்றன. அருங்காட்சியக வேலை எல்லா நேரமும் கிடைக்காது. இடையில் வணிகக் கண்காட்சிகளுக்கு அரங்கு அமைத்துத்தான் வாடகை கட்ட வேண்டியிருக்கும். திறப்பு விழாவுக்கு முந்தைய இரவு தச்சரோடும் எலக்ட்ரீஷியனோடும் சிமெண்ட் தூசியில் விடிய விடிய நிற்க வேண்டும். பெண் பிள்ளையை எப்படி அனுப்புவது என்று கேட்பீர்கள். அவளைக் கேளுங்கள் என்பதே என் பதில். இதையெல்லாம் சொன்னபோது அவள் முகம் வாடவில்லை. "தச்சரோடா?" என்று ஆர்வமாகக் கேட்டாள்.

நுழைவுத் தேர்வுக்கு இன்னும் சில மாதம் இருக்கிறது. அதுவரை பள்ளிப் பாடம் குறையக் கூடாது, அதில் நான் உங்கள் பக்கம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவளை ஒரு வீணைப் பட்டறைக்கு அனுப்புங்கள். வேடிக்கை பார்க்க மட்டும் அல்ல. ஒவ்வொரு வாரமும் ஒரு கைவேலையைக் கூர்ந்து பார்த்து, அதை வரைந்து, அந்த வேலையின் ஒலியையும் போனில் பதிந்து வரட்டும். உளி, அரம், மெழுகு, கம்பி என்று ஒன்றொன்றாக. மூன்று வாரத்தில் சலித்துவிட்டால் என்னிடம் வந்து சொல்லட்டும், வேறு வழி யோசிப்போம். சலிக்காவிட்டால் அந்த நோட்டுப் புத்தகமே நுழைவுத் தேர்வுக்கு அவளுக்கு நல்ல பயிற்சி.

அட்வான்ஸைத் திருப்பித்தர இந்த மாதக் கடைசிவரை அவகாசம் இருக்கிறது என்றீர்கள். திங்கட்கிழமையே கொடுத்துவிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். பெரியப்பாவின் எண்ணை எனக்கு அனுப்புங்கள், அவருக்குச் சாயங்காலமாக இருக்கும் நேரம் பார்த்து நானே பேசுகிறேன். அடுத்த முறை வரும்போது அவளுடைய அப்பாவையும் கடையை ஒரு நாள் பூட்டிவிட்டு வரச் சொல்லுங்கள். அந்தப் பலகையை அவர் இதுவரை ஒரு முறைகூட வாசித்துப் பார்த்ததில்லையாம்.