வெள்ளம் வடிந்த பின் வரும் புண்ணும் காய்ச்சலும்: தோல் மருத்துவர் பதில்கள்

மிக்ஜாம் மழை சென்னையைப் புரட்டிப் போட்டு இரண்டு வாரம்கூட ஆகவில்லை. 2023 டிசம்பர் 17, 18-இல் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்கள் மூழ்கின. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. இந்த முறை வந்த கேள்விகள் எல்லாமே வெள்ளத்தைப் பற்றியவை. அவசரமானதை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

அப்பாவுக்கு வயது 62, நீண்ட நாளாகச் சர்க்கரை நோய். வீட்டில் சேறு அள்ளும்போது காலில் ஏதோ குத்திவிட்டது. கணுக்கால் சிவந்து சூடாக இருக்கிறது. ஆனால் வலியே இல்லை என்கிறார். பார்த்துக்கொள்ளலாமா? (ஏரல்)

வேண்டாம், இன்றே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். வலி இல்லை என்பதுதான் எனக்குக் கவலை. சர்க்கரையால் பாத நரம்புகள் மரத்துப்போனவர்களுக்கு உள்ளே சீழ் வைத்தாலும் தெரியாது. கிளம்பும் முன் சிவப்பு எதுவரை இருக்கிறதோ அந்த ஓரத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் மணியையும் எழுதுங்கள். சிவப்பு கோட்டைத் தாண்டினால் தொற்று பரவுகிறது என்று டாக்டருக்கு உடனே புரியும். தோல் கறுத்தாலோ, கொப்புளம் கிளம்பினாலோ, குளிர்க் காய்ச்சல் வந்தாலோ இரவானாலும் காத்திருக்கக் கூடாது. கடைசியாக டெட்டனஸ் ஊசி போட்டு ஐந்து வருடம் தாண்டியிருந்தால் இப்போது போட வேண்டும். சேற்றில் இறங்கியதை மறக்காமல் சொல்லுங்கள். ஈரமண்ணில் வாழும் பாக்டீரியாவால் வரும் மெலியாய்டோசிஸ் சர்க்கரை நோயாளிகளைத்தான் அதிகம் தாக்குகிறது. அதற்கு மருந்தே வேறு.

மூன்று நாள் முழங்கால் தண்ணீரில் நடந்தேன். விரலிடுக்கெல்லாம் வெள்ளையாக ஊறிப் பிளந்துவிட்டது. மெடிக்கலில் கொடுத்த ட்யூபைப் போட்டதும் அரிப்பு நின்றது. விட்டதும் இரண்டு மடங்காகி, தொடையிடுக்கிலும் வட்டவட்டமாக வந்துவிட்டது. மருதாணி அரைத்துப் பூசலாமா? (முடிச்சூர்)

காலில் இருப்பது சேற்றுப்புண், தொடையில் படர்தாமரையாக இருக்க வேண்டும். இரண்டும் பூஞ்சைதான். அந்த ட்யூபைத் திருப்பி, பொடி எழுத்தில் என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். க்ளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், பெக்லோமெத்தசோன் என்று ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு. சிவப்பையும் அரிப்பையும் அடக்கிவிட்டு, அடியில் பூஞ்சையை நன்றாக வளர விடும். தொடையிடுக்கில் தொடர்ந்து தடவினால் தோல் மெலிந்து, பிரசவத் தழும்பு மாதிரி கோடுகள் விழும். அவை முழுதாக மறைவதில்லை. சீட்டு இல்லாமல் இந்தக் கலவை க்ரீம்களை விற்பது எனக்கு உண்மையிலேயே ஆத்திரமூட்டும் விஷயம்.

அதை நிறுத்துங்கள். நல்ல தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவி, முக்கியமாகச் சுண்டுவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே, பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். க்ளோட்ரிமசோல் மட்டும் உள்ள க்ரீமைக் காலையும் இரவும் தடவுங்கள். புண் ஆறிய பிறகும் இரண்டு வாரம் தொடர வேண்டும். பலரும் இங்கேதான் விட்டுவிடுகிறார்கள். உங்களுக்கு இவ்வளவு பரவியிருப்பதால் மாத்திரையும் தேவைப்படலாம், நேரில் காட்டுங்கள். பிளந்த இடத்தில் மருதாணி விழுது வேண்டாம், அதன் ஈரத்தில் மறுபடி ஊறும்.

தண்ணீரில் நடந்து பத்து நாள் கழித்துக் காய்ச்சல். டெங்கு இல்லை என்று ரிப்போர்ட் வந்துவிட்டது. கெண்டைக்கால் தொட முடியாமல் வலிக்கிறது, கண் சிவந்திருக்கிறது. (வேளச்சேரி)

எலிக்காய்ச்சலாக இருக்கலாம். எலியின் சிறுநீர் கலந்த வெள்ளநீர், காலில் உள்ள வெடிப்பு வழியாக உடம்புக்குள் போகிறது. பெரும்பாலும் 5 முதல் 14 நாளில் காய்ச்சல் தொடங்கும், சிலருக்கு ஒரு மாதம்கூட ஆகும். அதற்குள் நடந்ததையே மறந்துவிடுகிறோம். 2005-இல் மும்பையிலும் 2018-இல் கேரளத்திலும் வெள்ளம் வடிந்த பிறகுதான் இது பரவியது. முதல் சில நாளில் ரத்தப் பரிசோதனையில் தெரியாமல் போகலாம் என்பதால் சந்தேகம் இருந்தாலே மருந்தைத் தொடங்குவோம். ஆகவே டாக்டரிடம் முதல் வாக்கியமே “வெள்ளத்தில் நடந்தேன்” என்று இருக்கட்டும். கண் மஞ்சளானால், சிறுநீர் குறைந்தால், மூச்சு வாங்கினால் உடனே அட்மிஷன்.

சுத்தம் செய்யப் போகிறவர்களுக்கு முன்கூட்டியே வாரம் ஒருமுறை 200 மி.கி. டாக்சிசைக்கிளின் கொடுப்பதுண்டு. மருத்துவர் சொல்லித்தான் எடுக்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் எட்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் இது பொருந்தாது.

காலையில் எழுந்தபோது கழுத்தில் கோடு இழுத்த மாதிரி எரிச்சலும் கொப்புளமும். அக்கி என்று சொல்லி, காவி எழுதக் கூப்பிடுகிறார் ஆச்சி. (ஸ்ரீவைகுண்டம்)

வயல் பக்கம் மழைக்குப் பிறகு விளக்கைத் தேடி வரும் ஒரு பூச்சியின் வேலையாக இருக்கும். எறும்பு போல மெலிந்து, ஆரஞ்சும் கறுப்பும் மாறி மாறி இருக்கும். அது கடிப்பதில்லை. தூக்கத்தில் நாம் தேய்த்து நசுக்கும்போது வடியும் நீர்தான் தோலைச் சுடுகிறது. சோப்புப் போட்டுக் கழுவுங்கள். முன்னே ஸ்டீராய்டைத் திட்டினேனே, இதற்கு அதே மருந்துதான் சில நாளுக்குப் பயன்படும், மருத்துவர் எழுதிக் கொடுத்தால். இனி பூச்சி மேலே உட்கார்ந்தால் அடிக்காமல் ஊதிவிடுங்கள்.

நிஜ அக்கி உடம்பின் ஒரு பக்கத்தில் மட்டும் பட்டையாக வரும். பெரும்பாலும் கொப்புளத்துக்கு முன்பே வலி தொடங்கிவிடும். அதற்கு 72 மணி நேரத்துக்குள் மாத்திரை தொடங்கினால்தான் முழுப் பலன். காவி எழுதக் காத்திருந்தால் அந்த நேரம் போய்விடும் என்று ஆச்சியிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

வெள்ளத்தோடு வந்த கறுப்பு எண்ணெய் கையிலும் காலிலும் ஒட்டிக்கொண்டது. மண்ணெண்ணெய் போட்டுத் துடைக்கலாமா? (எர்ணாவூர்)

மண்ணெண்ணெய், பெட்ரோல், தின்னர் எதுவும் கூடாது, தோல் வெந்துவிடும். தேங்காயெண்ணெயைத் தாராளமாகத் தேய்த்து, பழைய துணியால் வழித்தெடுத்து, பிறகு சோப்பு. எண்ணெய் ஊறிய உடையை உடனே கழற்றுங்கள். எண்ணூரில் மீனவர்கள் கையுறைகூட இல்லாமல் எண்ணெயை அள்ளியதைப் பார்த்து மனம் பதறியது. அந்த வேலையில் இறங்கியவர்களுக்குத் தலைசுற்றலோ மூச்சுத்திணறலோ இருந்தால் தோலை மட்டும் பார்த்தால் போதாது, நெஞ்சையும் பரிசோதிக்க வேண்டும்.

முகாமிலிருந்து திரும்பியதிலிருந்து பிள்ளைகள் ராத்திரி முழுக்கச் சொறிகிறார்கள். (திருச்செந்தூர்)

விரலிடுக்கு, மணிக்கட்டு, தொப்புளைச் சுற்றிப் பொரிப்பொரியாக இருந்தால் அது சிரங்கு. வீட்டில் அரிப்பு இல்லாதவர்கள் உட்பட எல்லோரும் ஒரே இரவில் 5 சதவீத பெர்மெத்ரின் க்ரீமைக் கழுத்திலிருந்து கால்வரை பூசி, காலையில் குளிக்க வேண்டும். ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை. கைக்குழந்தை இருந்தால் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு பூசுங்கள். துணிகளைச் சுடுதண்ணீரில் துவையுங்கள். கிருமி செத்த பிறகும் சில வாரம் அரிப்பு இருக்கும். அதற்காக மருந்தைத் திரும்பத் திரும்பப் பூச வேண்டாம்.

பிளீச்சிங் பவுடரோடு கொஞ்சம் ஆசிட் கலந்தால் சேற்று வாடை சீக்கிரம் போகுமா? (பள்ளிக்கரணை)

கலக்கவே கூடாது. குளோரின் வாயு கிளம்பும், மூடிய குளியலறையில் உயிருக்கே ஆபத்து. பவுடரைத் தனியாக, கையுறை போட்டு, ஜன்னலைத் திறந்துவைத்துப் பயன்படுத்துங்கள்.