தட்சிணேஸ்வரத்துப் படித்துறை

கேள்வி: குளிர்காலத்தில் பெற்றோருடன் கொல்கத்தா செல்லவிருக்கிறோம். தட்சிணேஸ்வரம் காளி கோயிலின் படித்துறையில் வங்காளக் கட்டடக்கலையை நன்றாகக் காணலாம் என்கிறார்களே, அங்கே எதை, எப்படிப் பார்க்க வேண்டும்?

பதில்: முடிந்தால் ஹூக்ளி ஆற்று வழியாகவே சென்று சேருங்கள். ராணி ராசமணி 1847இல் கட்டத் தொடங்கி, 1855ஆம் ஆண்டு மே 31 அன்று குடமுழுக்கு நடத்திய இக்கோயிலுக்கு அக்காலத்தில் பலரும் படகில்தான் வந்தார்கள். ஆகவே, சாலை வழியாக வருபவர்கள் கோயிலின் பின்புறம் என்று எண்ணிவிடும் ஆற்றங்கரைதான் உண்மையில் அதன் முகப்பு. காலையில் ராமகிருஷ்ண மடத்தின் தலைமையகமான பேலூர் மடத்தைத் தரிசித்துவிட்டு அங்கிருந்து படகேறினால், பாலி பாலத்தைக் கடந்ததும் வலப்புறக் கரையில் பன்னிரண்டு சிவன் கோயில்கள் ஒரே வரிசையில் தென்படும். வடக்கே ஆறு கோயில்களும் தெற்கே ஆறு கோயில்களுமாகப் பிரிந்து நிற்க, நடுவே சாந்தனி எனப்படும் திறந்த மண்டபமும் அதிலிருந்து ஆற்றுக்கு இறங்கும் அகன்ற படிகளும் உள்ளன.

இச்சிறு கோயில்கள் ஆட்சாலா முறையில் அமைந்தவை. நான்கு சரிவுள்ள வளைந்த கூரையின்மேல் அதே வடிவில் சிறிய கூரையொன்று அமர்ந்திருக்கும். மழை மிகுந்த வங்காளத்தில் நீர் விரைந்து வழிவதற்காக மூங்கிலை வளைத்து வைக்கோல் வேய்ந்த குடிசையின் கூரையையே, கல் கிடைக்காத அந்த வண்டல் நிலத்துக் கொத்தர்கள் செங்கல்லாலும் சுண்ணாம்பாலும் கட்டியெழுப்பினார்கள். நம் கோபுரங்களின் சிற்பச் செறிவை இங்கே தேட வேண்டாம். விளிம்பின் வளைவும், ஒரே வடிவம் பன்னிரண்டு முறை திரும்ப வரும் ஒழுங்கும்தான் இங்கே அழகு என்பது என் உறுதியான எண்ணம்.

சாந்தனியைக் கடந்து முற்றத்துக்குள் சென்றதும் ஒருமுறை திரும்பிப் பாருங்கள். சிவன் கோயில்கள் கிழக்கு நோக்கியவையாதலால் அவற்றின் வாயில்கள் அங்கிருந்துதான் தெரியும். எதிரே, மூன்று நிலைகளும் ஒன்பது சிகரங்களும் கொண்ட, பவதாரிணி என்ற பெயரில் காளி அருளும் நவரத்தினக் கோயில் நூறடிக்கு மேல் உயர்ந்து தெற்கு நோக்கி நிற்கிறது. முற்றத்தின் வடமேற்கு மூலையில் ராமகிருஷ்ணர் வாழ்ந்த அறையையும் தவறவிடாதீர்கள். கைப்பேசியும் கேமராவும் உள்ளே அனுமதிக்கப்படுவதில்லை. நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள். திரும்புவதற்கு, 2021 முதல் தட்சிணேஸ்வரம் வரை ஓடும் மெட்ரோ வசதியானது.

கேள்வி: வயது முதிர்ந்த என் தாயார் அங்கே நீராட விரும்புகிறார். அது பாதுகாப்பானதா?

பதில்: கவனத்துடன் செய்யலாம். ஹூக்ளியில் கடலின் ஏற்றவற்றம் இவ்விடம் வரை எட்டுவதால் நீர்மட்டம் நாளுக்கு இருமுறை ஏறி இறங்குகிறது. நீர் வடிந்திருக்கும்போது வெளிப்படும் கீழ்ப்படிகளில் வண்டல் படிந்து வழுக்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் நீரேற்றம் வேகமாக வரக்கூடும். ஆகவே உங்கள் தாயாரை மேற்படியொன்றில் அமர்த்தி, சொம்பில் நீர் மொண்டு தலையில் ஊற்றுவதே நல்லது. ராமகிருஷ்ணரின் அடியார்கள் கொண்டாடும் கல்பதரு நாளான ஜனவரி 1 அன்று பெருங்கூட்டம் கூடும் என்பதால், முதியவர்களுடன் செல்லும் நீங்கள் அந்த நாளைத் தவிர்த்துவிடுங்கள்.