சேவலும் இரட்டைப் புறாவும்

கேள்வி: 2022-ல் பிரிட்டனின் கன்சர்வேடிவ் எம்.பி.க்கள் ரிஷி சுனக்குக்கு அதிக ஓட்டுப் போட்டார்கள். கட்சி உறுப்பினர்களோ லிஸ் டிரஸ்ஸைத் தலைவராக்கினார்கள். நம் ஊரில் இப்படி நடந்ததுண்டா?
– லுங்கி வியாபாரி, குடியாத்தம்

நடக்காமலா! அதில் நாலு காசு பார்த்தவனே நான்தான். 1987 டிசம்பர் 24-ல் எம்.ஜி.ஆர். இறந்தபோது, வேலூர் லாங் பஜார் பக்கம் ஒரு சந்தில் டிரெடில் அச்சு மெஷின் போட்டு நோட்டீஸ் அடித்துக்கொண்டிருந்தேன். அ.தி.மு.க. எம்.எல்.ஏ.க்களில் 97 பேர் எம்.ஜி.ஆரின் மனைவி ஜானகி அம்மாள் பக்கம் நின்றார்கள். ஜனவரி 7-ல் அவர் முதல்வர். ஆனால் என் கடைக்கு வந்த கிளைச் செயலாளர்களில் முக்கால்வாசிப் பேர், "ஜெயலலிதா படத்தைப் பெரிசா போடுங்க" என்றுதான் கேட்டார்கள்.

எம்.எல்.ஏ.வுக்குப் பதவிக்காலம் இன்னும் இரண்டு வருஷம் மிச்சம். அது ஓட வேண்டும். கிளைச் செயலாளருக்கு அந்தக் கவலை ஏது? நாளைக்குத் தெருவில் ஓட்டுக் கேட்க ஒரு முகம் வேண்டும், அவ்வளவுதான். இரண்டு பேருமே தப்பில்லை, கணக்குதான் வேறு.

ஜனவரி 28-ல் சட்டசபையில் அடிதடி, 30-ல் ஆட்சிக் கலைப்பு. 1989 தேர்தலில் இரட்டை இலை முடக்கம். ஜெயலலிதா அணிக்குச் சேவல், ஜானகி அணிக்கு இரட்டைப் புறா. நான் இலைச் சின்னத்தின் அச்சு பிளாக்கை எண்ணெய்த் துணியில் சுற்றிப் பரணில் போட்டேன். காலையில் சேவல் அடித்துவிட்டு, ரோலரைத் துடைத்து, சாயங்காலம் புறா. இரண்டு தரப்பும் கடையில் சந்தித்துவிடக் கூடாதே என்று அச்சுக் கோக்கும் என் கம்பாசிட்டர் வாசலிலேயே நிற்பார். முடிவில் சேவலுக்கு 27 இடம். ஜானகி அம்மாள் ஆண்டிப்பட்டியில் தாமே தோற்றார். அணிகள் சேர்ந்தன, மார்ச்சில் மருங்காபுரி, மதுரை கிழக்கு இடைத்தேர்தல்களில் இலை திரும்ப வந்தது. நானும் பரணில் ஏறினேன்.

கேள்வி: அப்படியென்றால் தொண்டர் சொல்வதுதான் சரியா?
– ஓய்வு பெற்ற ஆசிரியை, ஆம்பூர்

அப்படிச் சொல்ல மாட்டேன் டீச்சர். தொண்டர்கள் தேர்ந்த டிரஸ் ஐம்பது நாள்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. அடுத்த முறை போட்டியிடவே 100 எம்.பி.க்கள் ஆதரவு வேண்டும் என்று வேலி போட்டார்கள். சுனக் ஒருவர்தான் தேறினார். உறுப்பினர்கள் ஓட்டுப் போடும் வேலையே வரவில்லை. அங்கேயே லேபர் கட்சியில் இன்னும் வேடிக்கை. 2016-ல் கட்சித் தலைவர் ஜெரமி கார்பின் மீது நம்பிக்கை இல்லை என்று 172 எம்.பி.க்கள் ஓட்டுப் போட்டார்கள், ஆதரவு 40 பேர். உறுப்பினர்கள் சுமார் 62 சதவீத ஓட்டோடு அதே கார்பினைத் திரும்ப உட்கார வைத்தார்கள். வீட்டுக்குள்ளேயே மாமியார் கட்சி, மருமகள் கட்சி.

அ.தி.மு.க.விலும் பொதுச்செயலாளரை அடிப்படை உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றுதான் விதி. ஆனால் 2022 ஜூலை பொதுக்குழுவில் திருத்தம் வந்தது: போட்டியிடுபவரை 10 மாவட்டச் செயலாளர்கள் முன்மொழிய வேண்டும், 10 பேர் வழிமொழிய வேண்டும். 2023 மார்ச்சில் எடப்பாடி பழனிசாமி போட்டியின்றித் தேர்வு. ஓட்டுப்பெட்டி யார் கையில் என்று நாம் பார்க்கிறோம். வேட்பு மனுவை யார் கையில் தருகிறார்கள் என்று பாருங்கள், விஷயம் அங்கே இருக்கிறது.

கேள்வி: அந்த 1989 நோட்டீஸ் பணமெல்லாம் வந்ததா?
– பழைய வாடிக்கையாளர், காட்பாடி

சேவலா புறாவா என்று சொல்ல மாட்டேன். ஒரு தரப்பு பாக்கி 340 ரூபாய். அணிகள் இணைந்த பிறகு கேட்கப் போனால், "அது அந்த அணிக் கணக்குங்க" என்றார்கள்.