சுரங்கத்துக் கனேரி: ஆபத்தா, அறிகுறியா?

கேள்வி: சிறுகடன் தவணைகள் நிலுவையில் நிற்பதைப் பற்றிய ஆங்கிலச் செய்தியில் ‘கனேரி இன் தி கோல் மைன்’ என்று எழுதியிருந்தார்கள். ஆபத்தான எதையும் இப்படிச் சொல்லலாமா? தமிழில் எப்படி எழுதுவது?

பதில்: எல்லாவற்றையும் இப்படிச் சொல்ல முடியாது. இது ஆபத்தின் பெயரல்ல. எல்லோரையும் தாக்கப்போகும் ஆபத்தில் முதலில் சுருண்டு விழுவதன் பெயர்.

கனேரி என்பது கூண்டில் வளர்க்கும் சின்ன மஞ்சள் பறவை. நிலக்கரிச் சுரங்கத்தில் வெடிப்போ தீயோ நேர்ந்தபின் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு தங்கிவிடும். நிறமில்லை, வாடையில்லை. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு பற்றிக்கொள்ளும். 1896இல் வேல்ஸின் டைலர்ஸ்டவுன் சுரங்கத்தில் வெடிப்பு நேர்ந்தது. இறந்தவர்களில் பெரும்பாலானோரைக் கொன்றது வெடிப்பல்ல, இந்த வாயுதான் என்று உடலியல் ஆய்வாளர் ஜான் ஸ்காட் ஹால்டேன் கண்டறிந்தார். வாயு இருப்பதை அறியச் சிற்றுயிர்களை உடன் கொண்டுபோகும் யோசனையும் அவருடையதே. பறவை வேகமாக மூச்சு விடும், உடலும் சிறியது. அதனால் மனிதருக்கு முன்பே நஞ்சு ஏறிவிடும். எலியும் மயங்கும்தான். ஆனால் கம்பில் உட்கார்ந்த பறவை தள்ளாடி விழுவது அரை இருட்டிலும் பளிச்சென்று தெரியும்.

பறவை செத்தே தீரும் என்று நினைக்க வேண்டாம். சில கூண்டுகளின் மேல் சிறிய ஆக்சிஜன் உருளை இருந்தது. பறவை விழுந்ததும் கூண்டின் வாசலை அடைத்து வால்வைத் திறந்தால் பிழைத்துக்கொள்ளும். தீப்பற்றி வெடிக்கும் மீத்தேன் வாயுவைக் கண்டுபிடிக்கத்தான் கனேரி என்று எழுதுவோரும் உண்டு. அது தவறு. மீத்தேன் இருப்பதை, 1815இல் உருவான ‘டேவி விளக்கு’ என்ற சுரங்கப் பாதுகாப்பு விளக்கின் சுடர் நிறம் மாறி நீள்வதை வைத்தே கணித்தார்கள். பிரிட்டன் சுரங்கங்களில் கனேரிகளுக்கு ஓய்வு கொடுக்கும் முடிவு 1986இல்தான் அறிவிக்கப்பட்டது. மின்னணுக் கருவிகள் அந்த இடத்துக்கு வந்தன.

தொடரைப் பயன்படுத்துமுன் இரண்டைப் பாருங்கள். முதலில் விழுவதும் பின்னால் விழப்போவதும் ஒரே நஞ்சாலா? முதலில் விழுவது மற்றவற்றைவிட நலிந்ததா? ஜப்பானின் மினமாட்டாவில் பாதரசம் கலந்த மீனைத் தின்ற பூனைகள் 1950களில் வலிப்பு வந்து துடித்துச் செத்தன. அதே மீனை உண்ட மக்களின் நோய் 1956இல் அதிகாரபூர்வமாகப் பதிவானது. அந்தப் பூனைகள் அசல் கனேரிகள். பாதரசத்தைக் கடலில் கலந்த ஆலையைக் கனேரி என்றால் பொருள் தலைகீழாகிவிடும். உங்கள் செய்தியில் தவணை கட்ட முடியாமல் திணறும் சிறுகடன்காரர்கள்தான் கனேரி. வருமானம் சுருங்குவது நஞ்சு.

தமிழில் ‘சுரங்கத்துக் கனேரி’ என்று அப்படியே போட்டால் பலருக்கும் விளங்காது. ‘அபாய மணி’ பொருந்தும்போல் தோன்றும், ஆனால் மணிக்கு வலிக்காது. ‘முன்னறிகுறி’ பெரும்பாலும் போதும். பாதிப்பையும் காட்ட வேண்டுமானால் ‘முதல் அடி சிறுகடன்காரர்களுக்கு, அடுத்து மற்றவர்களுக்கு’ என்று விரித்தே எழுதிவிடுங்கள்.