மிக மலிவான டேப்லெட் வாங்கலாமா, வாங்கினால் பணம் வீணா?

ஒரே ஒரு வேலைக்கு என்றால் வாங்கலாம். இறக்கி வைத்த வீடியோ பார்க்க, பிடிஎஃப் படிக்க, பாட்டு ஓட விட. போனில் செய்வதையெல்லாம் பெரிய திரையில் செய்யலாம் என்று நினைத்து வாங்கினால் சீக்கிரமே அது மேஜை டிராயருக்குள் போய்விடும்.

அதற்குப் பெரும்பாலும் காரணம் ப்ராசஸர் இல்லை, ஸ்டோரேஜ். மலிவு டேப்களில் இருப்பது இஎம்எம்சி (eMMC) என்ற மெதுவான வகை. இதில் ஒரு நேரத்தில் தரவைப் படிக்க முடியும், அல்லது எழுத முடியும். இரண்டும் சேர்ந்து நடக்காது. நீங்கள் ஏதோ டைப் செய்துகொண்டிருக்கும்போது பின்னணியில் ப்ளே ஸ்டோர் நாலு ஆப்களை அப்டேட் செய்கிறது என்று வையுங்கள். எழுதும் வேலை முடியும் வரை படிக்கும் வேலை வரிசையில் நிற்கும். கீபோர்டைத் தட்டினால் எழுத்து சில விநாடி கழித்து மொத்தமாக வந்து விழும். ஸ்டோரேஜ் நிரம்ப நிரம்ப இது மோசமாகும். அதனால் 32 ஜிபி டேப்பே வேண்டாம். சிஸ்டமே அதில் கணிசமான பகுதியை எடுத்துக்கொள்ளும். 64 ஜிபி குறைந்தபட்சம். மெமரி கார்டு போட்டால் சரியாகிவிடுமா? வீடியோ வைக்கத்தான் கார்டு. ஆப்களை அதற்கு மாற்றினால் இன்னும் மெதுவாகும்.

ராம் விஷயத்தில் பெட்டியில் '4+8 = 12 ஜிபி' என்று போட்டிருப்பார்கள். நிஜமான ராம் 4 மட்டுமே. மீதி 8, அதே மெதுவான ஸ்டோரேஜில் ஒதுக்கிய இடம். கூட்டல் குறிக்கு இடப்பக்கம் இருக்கும் எண்ணை மட்டும் பாருங்கள், அது 4-க்குக் குறைந்தால் விட்டுவிடுங்கள். 2 ஜிபி என்பது ஆண்ட்ராய்டு 13-இன் கோ பதிப்புக்கே (ராம் குறைந்த கருவிகளுக்கான இலகு பதிப்பு) கேட்கப்படும் குறைந்த அளவு. அதில் இரண்டு ஆப்களுக்கு இடையே மாறி மாறிப் போனால் முதலாவது ஒவ்வொரு முறையும் புதிதாகத் திறக்கும்.

ப்ராசஸரில் 'எட்டு கோர்' (வேலை செய்யும் எட்டு தனிப் பகுதிகள்) என்பதும் தனியாக எதையும் சொல்லாது. எட்டுமே ஏ53, ஏ55 போன்ற சின்ன கோர்களாக இருந்தால் பயனில்லை. ஆப் திறக்கும் வேகம் ஓரிரு வலுவான கோர்களைப் பொறுத்தது. யுனிசாக் டி606, ஹீலியோ ஜி85 சிப்கள் இரண்டிலும் ஏ75 என்ற வலுவான கோர்கள் இரண்டு உண்டு, தினசரி வேலைக்குத் தாங்கும். ராக்சிப் ஆர்கே3326, ஆல்வின்னர் ஏ133 என்று பார்த்தால் நகர்ந்துவிடுங்கள். சிப்பின் பெயரையே சொல்லாத விற்பனைப் பக்கத்தில் நிற்கவே வேண்டாம்.

திரையில் 10.1 அங்குலத்துக்கு 1280×800 என்றால் அங்குலத்துக்கு ஏறக்குறைய 149 பிக்சல்தான். வீடியோவுக்குப் போதும். ஆனால் ஸ்கேன் செய்த தமிழ்ப் புத்தகத்தை முழுப் பக்கமாக வைத்தால் மெய்யெழுத்தின் புள்ளி மங்கும், கி-யும் கீ-யும் ஒன்றுபோலத் தெரியும். படிக்கத்தான் வாங்குகிறீர்கள் என்றால் 1920×1200 தேடுங்கள், அது 224 பிக்சல். ஐபிஎஸ் திரைதானா (பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் மாறாத வகை) என்பதையும் பாருங்கள். படம் பார்க்கிறவர்கள் வைட்வைன் எல்1 (படங்களை நகலெடுக்காமல் காக்கும் பூட்டின் உயர்ந்த நிலை) இருக்கிறதா என்று கேட்க வேண்டும்; எல்3 மட்டும் இருந்தால் கட்டண ஓடிடி தளங்கள் பெரும்பாலும் 480பி என்ற குறைந்த தெளிவோடு நிறுத்திக்கொள்ளும்.

இனி பொய் சொல்லும் டேப்கள். பெயர் தெரியாத பிராண்டுகளில் செட்டிங்ஸ் பக்கமே 'ஆண்ட்ராய்டு 14, 128 ஜிபி' என்று காட்டும்படி மாற்றி வைத்திருப்பார்கள். திருப்பித் தரும் கெடு முடிவதற்குள் சோதித்துவிடுங்கள். கருவியின் உள்விவரங்களைக் காட்டும் சிபியு-இசட் ஆப்பில் சிப்பின் பெயர் பெட்டியோடு பொருந்துகிறதா என்று பாருங்கள், ஆனால் அதையும் ஏமாற்ற முடியும். ஸ்டோரேஜை ஏமாற்றுவது கடினம்: காலி என்று காட்டும் இடம் ஏறக்குறைய நிரம்பும் வரை பெரிய வீடியோக்களை நகலெடுத்து, முதல் கோப்பையும் கடைசிக் கோப்பையும் ஓட்டிப் பாருங்கள். கொள்ளளவு பொய்யென்றால் ஏதாவது ஒன்று உடைந்திருக்கும்.

பிறகு ப்ளே ஸ்டோர் செட்டிங்ஸில் 'அபவுட்' பகுதிக்குப் போங்கள். ப்ளே ப்ரொடெக்ட் சான்று (கருவியை கூகுள் ஏற்றதற்கான அடையாளம்) இல்லை என்று காட்டினால் அன்றே திருப்பிவிடுங்கள். வங்கி ஆப்கள் பல அதில் ஓடாது என்பது சின்னப் பிரச்சினை. 2023-இல் வெளிவந்த பேட்பாக்ஸ் விவகாரத்தில், சான்று பெறாத மலிவு ஆண்ட்ராய்டு கருவிகள் சிலவற்றில் விற்பனைக்கு வரும்போதே தீய மென்பொருள் இருந்தது தெரியவந்தது. அது சிஸ்டம் பகுதியில் உட்கார்ந்திருப்பதால் ஃபேக்டரி ரீசெட் செய்தாலும் போகாது.

சார்ஜிங்கில் ஒரு வேடிக்கை உண்டு. டைப்-சி துளை இருக்கும், ஆனால் இரு முனையும் டைப்-சி ஆன கேபிளில் சார்ஜே ஏறாது. உள்ளே வைக்க வேண்டிய இரண்டு 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர்களை மிச்சம் பிடித்திருப்பார்கள். பழைய தட்டை முனை யுஎஸ்பி சார்ஜரில் ஏறும், டேப் கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். சார்ஜ் ஏறும்போது மட்டும் திரை தானாகத் தொடுகையை உணர்ந்தால் முதலில் சார்ஜரை மாற்றிப் பாருங்கள். 6000 எம்ஏஎச் பேட்டரிக்கு 10 வாட் சார்ஜரில் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும், இது கோளாறு இல்லை.

அதே பணத்துக்கு, நல்ல பிராண்டின் இரண்டு மூன்று வருடப் பழைய டேப் கிடைத்தால் என் ஓட்டு அதற்குத்தான். திரையும் ஸ்டோரேஜும் ஒரு படி மேலாக இருக்கும். செக்யூரிட்டி பேட்ச் தேதியைப் பாருங்கள், பேட்டரி வீங்கிப் பின்பக்கம் உப்பியிருக்கிறதா என்று தட்டையான இடத்தில் வைத்துப் பாருங்கள்.

ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால், டெவலப்பர் ஆப்ஷன்ஸில் (செட்டிங்ஸில் மறைந்திருக்கும் பகுதி) மூன்று அனிமேஷன் அளவுகளையும் 0.5 ஆக்குங்கள், திரை அசைவுகள் சீக்கிரம் முடியும். ஸ்டோரேஜில் கால்வாசி எப்போதும் காலியாக இருக்கட்டும். ப்ளே ஸ்டோரின் தானியங்கி அப்டேட்டை நிறுத்திவிட்டு, வாரம் ஒருமுறை டேப்பைப் பயன்படுத்தாத நேரத்தில் நீங்களே அப்டேட் போடுங்கள்.